குறிப்புகளை நம் கணினியிலேயே ஃபைலாக வைக்கும் ஆப்: எப்படி அமைப்பது?

தூறல் கேட்டது:

பல வருடக் குறிப்புகள் ஒரு ஆன்லைன் சேவைக்குள் கிடக்கின்றன. படித்ததிலிருந்து எடுத்தவை, வேலை சம்பந்தமானவை, பாதியில் விட்ட கதைகள், யாரோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி என்று எல்லாம் கலந்துகட்டி இருக்கும். இப்போது அந்தச் சேவை இலவசக் கணக்குக்கான வரம்பைக் குறைத்துவிட்டது. பழையதைப் படிக்கலாம், புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டுமாம். பணம்கூடப் பெரிதில்லை, நான் எழுதியதெல்லாம் எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது என்பதுதான் உறுத்துகிறது. இணையம் இல்லாத நேரத்தில் என் குறிப்பை நானே பார்க்க முடிவதில்லை.

அதனால் எல்லாவற்றையும் என் லேப்டாப்பிலேயே சாதாரண ஃபைல்களாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. விண்டோஸ் லேப்டாப், ஆண்ட்ராய்டு ஃபோன், இந்த இரண்டுதான் என்னிடம் இருக்கிறது. தேடிப் பார்த்ததில் அப்சிடியன், ஜோப்ளின், லாக்சீக் என்ற மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கேள்விகள் இவைதான். எதை எடுப்பது? மாதச் சந்தா இல்லாமல் ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே குறிப்புகள் வரவைக்க முடியுமா? ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது? நான் எழுதுவதில் முக்கால்வாசி தமிழ், ஃபைல் பெயரையே தமிழில் வைத்தால் ஏதாவது தகராறு வருமா? கிட், கமாண்ட் லைன் எல்லாம் எனக்கு ஆகாது. செட்டிங்ஸ் நோண்டிக்கொண்டே பொழுதைக் கழிக்கவும் ஆசையில்லை, உட்கார்ந்தால் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

வாசல்படி:

அப்சிடியன் இறக்குங்கள், ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், எழுத ஆரம்பியுங்கள். மீதியெல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். யூடியூபில் 'என் முழு சிஸ்டம்' என்று ஒரு மணி நேரம் பேசும் வீடியோக்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், போனால் குறிப்பு எழுத மாட்டீர்கள், கலர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பழையஃபோல்டர்:

வாசல்படி சொன்னது சரிதான், ஆனால் தொடக்கத்திலேயே சில முடிவுகளை எடுத்துவிட்டால் பிறகு ஆயிரம் ஃபைலை இடம் மாற்றும் வேலை மிச்சம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'உங்கள் கணினியிலேயே சேமிக்கிறோம்' என்று சொல்லும் ஆப்களெல்லாம் ஒரே மாதிரி சேமிப்பதில்லை. ஜோப்ளின் எல்லாக் குறிப்புகளையும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒன்றுக்குள் வைக்கிறது. அது உங்கள் கணினியில்தான் இருக்கும், ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் போய் ஒரு குறிப்பை நோட்பேடில் திறக்க முடியாது, ஏற்றுமதி செய்துதான் எடுக்க வேண்டும். லாக்சீக் மார்க்டவுன் ஃபைலாக (தலைப்பு, பட்டியல் போன்றவற்றைச் சில குறிகளால் காட்டும் வெறும் எழுத்து ஃபைல்) வைக்கும், ஆனால் அதில் எல்லாமே புள்ளிப் பட்டியல். ஒவ்வொரு பத்தியும் ஒரு சிறுகோட்டில்தான் தொடங்கும், வேறு எடிட்டரில் திறந்தால் கதை எழுதியது மாதிரி இருக்காது, கடைக்குப் போகும் பட்டியல் மாதிரி இருக்கும். போதாததற்கு அவர்களும் டேட்டாபேஸ் பதிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்சிடியனில் ஒரு குறிப்பு என்றால் ஒரு .எம்டி (மார்க்டவுன்) ஃபைல், ஒரு ஃபோல்டர் என்றால் டிஸ்க்கிலும் அதே ஃபோல்டர். 'வால்ட்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், அது வெறும் ஃபோல்டர்தான். உள்ளே புள்ளியில் தொடங்கும் ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கும், தீம், ஷார்ட்கட், ப்ளகின் (ஆப்பில் நாம் சேர்க்கும் கூடுதல் வசதி) எல்லாம் அதற்குள் போய்விடும். அதை அழித்தால்கூட உங்கள் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, அலங்காரம் மட்டும் போகும்.

நீங்கள் 'சாதாரண ஃபைல்' என்று கேட்டதால் அப்சிடியன்தான் உங்களுக்கு. மார்க்டவுனை 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டார், அன்று எழுதிய ஃபைல் இன்றும் எந்த எடிட்டரிலும் திறக்கும். ஆப் நாளைக்கே கடையைக் கட்டிவிட்டாலும் எழுத்து அப்படியே இருக்கும்.

வால்ட்டை எங்கே வைப்பது என்பதை நன்றாகக் கவனியுங்கள். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் பல லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலேயே ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரின் முகவரிப் பட்டையைப் பாருங்கள், ஒன்ட்ரைவ் என்று நடுவில் வந்தால் வால்ட்டை அங்கே வைக்க வேண்டாம். சி டிரைவிலோ டி டிரைவிலோ 'குறிப்புகள்' என்று தனி ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள். ஏன் என்றால், ஒன்ட்ரைவ் இடத்தை மிச்சப்படுத்த ஃபைலின் பெயரை மட்டும் கணினியில் விட்டுவிட்டு உள்ளடக்கத்தைக் கிளவுடில் வைத்துக்கொள்ளும். ஃபைல் இருப்பதுபோலவே தெரியும், நெட் இல்லாதபோது திறந்தால்தான் குட்டு வெளிப்படும். நீங்கள் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ அதே இடத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்த கதை.

அடுத்து, செட்டிங்ஸில் 'ஃபைல்களும் லிங்க்குகளும்' பகுதிக்கு ஒரே ஒரு முறை போய்விட்டு வாருங்கள். அங்கே, இணைக்கும் படங்கள், பிடிஎஃப்கள் எங்கே போக வேண்டும் என்று கேட்கும். அப்படியே விட்டால் எல்லாப் படமும் வால்ட்டின் மேல் மட்டத்திலேயே குவியும், ஒட்டிய ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் நீளமான எண்ணோடு வரிசைகட்டி நிற்கும். 'இணைப்புகள்' என்று ஒரு ஃபோல்டரைக் குறிப்பிட்டுவிடுங்கள். பெயர் மாற்றினால் லிங்க்குகளைத் தானாக மாற்று என்ற பொத்தானையும் ஆன் செய்யுங்கள். இது அப்சிடியனுக்குள்ளே பெயர் மாற்றினால்தான் வேலை செய்யும், எக்ஸ்ப்ளோரரில் போய் மாற்றினால் அதற்குத் தெரியாது, லிங்க் அறுந்துவிடும். அழித்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்பதில் ரீசைக்கிள் பின்னையோ வால்ட்டுக்குள்ளேயே இருக்கும் குப்பை ஃபோல்டரையோ தேர்ந்தெடுங்கள், 'நிரந்தரமாக அழி' மட்டும் வேண்டாம்.

அதோடு 'ஃபைல் மீட்பு' என்று உள்ளேயே வரும் ஒரு வசதி இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறிய குறிப்பின் பிரதியை எடுத்து ஏழு நாள் வைத்திருக்கும். வால்ட்டுக்கு வெளியே, அந்தக் கருவியிலேயே வைக்கும் என்பதால் சிங்க் ஆகாது, அதாவது மற்ற கருவிக்குத் தானாகப் போய்ச் சேராது. நாள்களைக் கூட்டிக்கொள்ளலாம், கூட்டிவிடுங்கள், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

ஃபோல்டர் பிரிப்பு: குறைவாக வையுங்கள். 'வரவு' என்று ஒன்று, அவசரத்தில் எழுதுவதெல்லாம் அதில் விழட்டும். 'வேலை', 'எழுத்து', 'படித்தவை', 'இணைப்புகள்'. போதும். ஒரு குறிப்பை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கிற நேரம் வந்தால் ஃபோல்டர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு குறிப்பு இரண்டு இடத்துக்குப் பொருந்தினால் ஒன்றில் வைத்துவிட்டு இன்னொன்றிலிருந்து இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டு லிங்க் கொடுங்கள், அதற்குத்தானே அந்த வசதி.

ப்ளகின் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெளியார் எழுதிய ப்ளகின்கள் முதலில் பூட்டித்தான் இருக்கும், நீங்களே அனுமதித்தால்தான் திறக்கும். அது சும்மா பயமுறுத்தும் எச்சரிக்கை இல்லை. ப்ளகினுக்கு அப்சிடியனுக்கு இருக்கும் அதே உரிமை உண்டு, வால்ட்டைத் தாண்டிக் கணினியில் உள்ள ஃபைல்களையும் படிக்கலாம், நெட்டுக்கும் போகலாம். முதல் சில வாரம் ஒன்றும் போடாமல் ஓட்டுங்கள். எது இல்லாமல் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கிறதோ அதை மட்டும் அப்புறம் போடுங்கள்.

இரவுப்பறவை:

மேலே அவர் சொன்னதற்கு மறுப்பே இல்லை, சிங்க் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆள்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

காசு கொடுக்கத் தயார் என்றால் அப்சிடியன்காரர்களே ஒரு சிங்க் சேவை வைத்திருக்கிறார்கள், முனைக்கு முனை மறையாக்கம் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது) உண்டு, தலைவலி குறைவு. வேண்டாம் என்றால் விண்டோஸ் + ஆண்ட்ராய்டு ஜோடிக்கு சிங்க்திங் என்ற ஆப் மாதிரி பொருத்தமானது வேறில்லை. இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), நடுவில் சர்வர் எதிலும் உங்கள் ஃபைல் சேமிக்கப்படாது. இரண்டு கருவிகளும் நேராகப் பேசிக்கொள்ளும். லேப்டாப்பில் போட்டால் ஒரு கியூஆர் கோட் காட்டும், ஃபோனில் அதை ஸ்கேன் செய்து இரண்டு பக்கமும் சம்மதம் சொல்ல வேண்டும், எந்த ஃபோல்டர் என்று காட்ட வேண்டும், முடிந்தது. கமாண்ட் லைன் எதுவும் கிடையாது.

ஆண்ட்ராய்டில் பழைய வழிகாட்டிகள் சொல்லும் அதிகாரபூர்வ சிங்க்திங் ஆப்பைத் தேடி அலைய வேண்டாம், அதை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். சிங்க்திங்-ஃபோர்க் என்று ஒன்று தொடர்ந்து வருகிறது, எஃப்-ட்ராய்டு என்ற திறமூல ஆப் கடையில் கிடைக்கும்.

ஃபோனில் அப்சிடியன் வால்ட் உருவாக்கும்போது எங்கே சேமிக்க என்று கேட்கும். 'ஆப் சேமிப்பகம்' என்று கொடுத்துவிட்டால் சிங்க்திங்கால் அதற்குள் எட்டிப்பார்க்கவே முடியாது, ஆப்பை நீக்கினால் வால்ட்டும் சேர்ந்து போய்விடும். 'கருவிச் சேமிப்பகம்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது ஒரு நொடியில் வந்து போகும் கேள்வி, அலட்சியமாகத் தட்டிவிட்டுப் பிறகு 'சிங்க் ஆகவில்லை' என்று வந்து நிற்பவர்கள் நிறைய.

அப்புறம் பேட்டரி. ஆண்ட்ராய்டு பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்கவைத்துவிடும். சிங்க்திங்குக்குப் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுங்கள். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் ஃபைல் போகும் என்பதும் நினைவிருக்கட்டும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு ஃபோனில் எழுதியது லேப்டாப் திறக்கும்வரை ஃபோனில் மட்டும்தான் இருக்கும்.

ஒரே குறிப்பை இரண்டு பக்கமும் மாற்றிவிட்டால்? எதையும் தின்றுவிடாது. இரண்டில் பழைய நேரம் கொண்ட பிரதிக்கு 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று பெயரில் ஒட்டி, தேதியும் போட்டுப் பக்கத்திலேயே வைத்துவிடும். அப்சிடியன் பட்டியலிலும் அது தெரியும். திறந்து இரண்டையும் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம். நடைமுறையில் இது அதிகம் வருவது குறிப்புகளில் இல்லை, அந்த மறைந்த செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள் 'வொர்க்ஸ்பேஸ்' என்ற பெயரில் இருக்கும் ஃபைல்களில். எந்தக் குறிப்பு திறந்திருக்கிறது, எந்தப் பலகை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அது எழுதிக்கொண்டே இருக்கும், ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலே மாறும். சிங்க்திங்கில் 'புறக்கணிக்க வேண்டியவை' பட்டியலில் அந்த வொர்க்ஸ்பேஸ் ஃபைல்களைச் சேர்த்துவிடுங்கள், இரண்டு கருவியிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும், அந்தப் பட்டியல் தானாக மறு கருவிக்குப் போகாது.

பெரிய எச்சரிக்கை: ஒரே ஃபோல்டரின் மேல் இரண்டு சிங்க் வேண்டாம். ஒன்ட்ரைவும் சிங்க்திங்கும் ஒரே வால்ட்டைப் பிடித்து இழுத்தால் யார் மாற்றினார்கள் என்று இரண்டுக்குமே தெரியாமல் பிரதி மேல் பிரதி குவியும்.

சிங்க் என்பது பேக்கப் இல்லை, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஃபோனில் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் லேப்டாப்பிலும் கடமை தவறாமல் அழித்துவிடும். சிங்க்திங்கிலேயே பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி உண்டு, லேப்டாப் பக்கம் அதை ஆன் செய்யுங்கள். ஆனால் அது மறு கருவியிலிருந்து வந்த மாற்றங்களுக்கு மட்டும்தான் பிரதி எடுக்கும், லேப்டாப்பில் நீங்களே அழித்ததை அங்கே தேடினால் இருக்காது. அதனால் வெளி ஹார்ட்டிஸ்க்கோ பென்டிரைவோ ஒன்றில் அவ்வப்போது முழு ஃபோல்டரையும் தேதி போட்டுக் காப்பி செய்துவையுங்கள். யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் பிடித்தாலும் ஆயிரம் சொல் குறிப்பு ஒன்று சுமார் 30 கேபிதான் வரும், அப்படி நூறு குறிப்பு சேர்ந்தால் ஃபோனில் எடுத்த ஒரு படத்தின் அளவு. ஆகவே இடம் போதாது என்ற சாக்குக்கு வழியே இல்லை.

வெறும்எழுத்து:

எல்லாரும் அப்சிடியன் புகழ் பாடுகிறீர்கள், அது திறமூல மென்பொருள் இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லையே. ஃபைல் உங்களுடையது, சரி. ஆப் அவர்களுடையது. 2025-இலிருந்து அலுவலக வேலைக்கும் இலவசம் என்று ஆக்கியிருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் முடிவு அவர்கள் கையில்.

அப்புறம், இந்த .எம்டி ஃபைல்கள் டிஸ்க்கில் திறந்தபடிதான் கிடக்கும், எந்த மறையாக்கமும் கிடையாது. லேப்டாப்பைக் கையில் எடுத்தவர் எவரும் படிக்கலாம். கடவுச்சொல், வங்கி விவரம் போன்றவற்றைக் குறிப்புக்குள் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிட்டு கீபாஸ் போன்ற தனி ஆப்புக்கு மாற்றுங்கள். விண்டோஸில் டிஸ்க்கையே பூட்டும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள்.

தூறலுக்கு ஜோப்ளின் ஒத்துவராது என்று ஒரே அடியாகத் தள்ளிவிட்டதிலும் எனக்கு உடன்பாடில்லை. வெப்டாவ், டிராப்பாக்ஸ், ஒன்ட்ரைவ் என்று கையில் இருக்கும் எதையும் வைத்து அதுவே சிங்க் செய்துகொள்ளும், அனுப்பும் முன்பே மறையாக்கம் செய்துவிடலாம், முழுக்கத் திறமூலம். இரண்டு ஆப் போட்டு ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் வேலையே இல்லை. 'செட்டிங்ஸ் நோண்ட ஆசையில்லை' என்று சொன்னவருக்கு மேலே இரண்டு பேர் இவ்வளவு நீளமாக செட்டிங்ஸ் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பழையஃபோல்டர்:

@வெறும்எழுத்து, மறையாக்கம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஜோப்ளின் நல்ல ஆப் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்டது 'என் எழுத்து எங்கே, எந்த வடிவத்தில் கிடக்கிறது' என்பதுதான். ஜோப்ளினில் அதற்குப் பதில் 'ஒரு டேட்டாபேஸுக்குள்', சிங்க் செய்யும் இடத்தில் போய்ப் பார்த்தாலும் ஃபைல் பெயரெல்லாம் நீளமான குறியீடாகத்தான் இருக்கும். பரவாயில்லை என்பவருக்குப் பரவாயில்லை. செட்டிங்ஸ் நீளம் என்பது எழுதும்போதுதான், செய்யும்போது ஒரு தேநீர் ஆறும் நேரம்.

தூறல்:

எல்லாருக்கும் நன்றி, அப்சிடியன் + சிங்க்திங் அமைத்துவிட்டேன், ஓடுகிறது. வெறும்எழுத்து சொன்னதால் கடவுச்சொல் இருந்த குறிப்புகளையும் தனியாக எடுத்துவிட்டேன்.

இப்போது இரண்டு விசித்திரம். ஒன்று, சில குறிப்புகள் மட்டும் ஃபோனுக்கு வரவே மாட்டேன் என்கின்றன, பெயர் நீளம் என்று ஒரு பிழைச் செய்தி. லேப்டாப்பில் அதே பெயர் சாதாரணமாக இருக்கிறது, அப்படியொன்றும் நீளமும் இல்லை, ஒரு வாக்கியம் அளவுதான். இரண்டு, தேடல். 'மரம்' என்று தேடினால் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த குறிப்புகள் பாதி வருவதில்லை. தமிழ் என்பதால் வரும் சிக்கலா?

எழுத்தாணி:

இதற்காகவே காத்திருந்தேன் :)

முதலாவது, பெயர் நீளம். விண்டோஸில் ஒரு ஃபைல் பெயர் 255 குறிகள் வரை போகலாம். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் அதே 255தான், ஆனால் அங்கே கணக்கு பைட்டில். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட், அதாவது மொத்தம் 85 குறிதான் இடம், அதிலும் கடைசியில் வரும் .எம்டி மூன்று பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 84. குறி என்றால் நாம் எண்ணும் எழுத்து இல்லை, புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனிக் குறி. 'கொடுத்த' என்பதை நாம் நான்கு எழுத்தாக எண்ணுவோம், கணினிக்கு அது ஏழு குறி, 21 பைட். இந்தக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு சொல் கொண்ட வாக்கியத்தைத் தலைப்பாக வைத்தால் ஃபோன் கதவைச் சாத்திவிடும். தலைப்பை நான்கைந்து சொல்லில் முடியுங்கள், முழு வாக்கியம் வேண்டுமென்றால் குறிப்பின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் இவையும் பெயரில் வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. தேதி போடுவதென்றால் 2025-03-14 என்று ஆண்டை முன்னால் போடுங்கள், அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, தேடல். இது பிழையே இல்லை, நம் மொழி அப்படி. 'மரம்' என்று தேடினால் அந்த நான்கு குறிகளும் அதே வரிசையில் இருக்கும் இடம்தான் வரும். 'மரத்தில்', 'மரங்கள்', 'மரத்தடியில்' எதிலும் 'ம்' இல்லையே. சரி, 'மர' என்று சுருக்கித் தேடலாம் என்றால் அது எதிர்ப்பக்கம் போய்விடும்: 'மருந்து', 'மரியாதை', 'அமர்ந்தான்' எல்லாம் வந்து நிற்கும், ஏனென்றால் 'ரு' என்பது கணினிக்கு 'ர' கூட்டல் உகரக் குறி, 'மர' என்ற இரண்டு குறியும் அதற்குள் அடக்கம். அப்சிடியன் தேடலில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வடிவம் கொடுத்துத் தேடலாம். இதை அப்படியே ஒட்டிப் பாருங்கள்:

/மர(ம்|த்|ங்)/

'மர' வந்து அதன்பின் 'ம்' அல்லது 'த்' அல்லது 'ங்' வரும் இடங்களை மட்டும் காட்டும். மருந்தும் மரியாதையும் ஒதுங்கிவிடும். 'கால் மரத்துப்போனது' என்று எங்காவது எழுதியிருந்தால் அது வரத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 'ம்' என்று முடியும் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்கும் இதே அச்சு பொருந்தும்: புத்தகம், படம், நாடகம் என்று.

லிங்க் கொடுக்கும்போதும் இதே வேற்றுமை உருபு தொல்லை உண்டு. 'புத்தகம்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, வாக்கியத்தில் 'புத்தகத்தில்' என்று வருகிறது. அடைப்புக்குறிக்குள் அப்படியே போட்டால் 'புத்தகத்தில்' என்று ஒரு புதுக் குறிப்பைத்தான் அது உருவாக்கப் பார்க்கும். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் சரியாகிவிடும்:

[[புத்தகம்|புத்தகத்தில்]]

இடப்பக்கம் குறிப்பின் பெயர், வலப்பக்கம் வாக்கியத்தில் தெரிய வேண்டிய வடிவம். ஆங்கிலக்காரர்கள் இந்தக் கோட்டை எப்போதாவதுதான் தொடுவார்கள், தமிழில் எழுதுகிறவருக்கு இது தினப்படிப் பொருள், ஃபோன் கீபோர்டில் அந்தக் கோடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய சேவையிலிருந்தோ பிடிஎஃபிலிருந்தோ வெட்டி ஒட்டிய தமிழில் கவனம். 'கொ' என்பதை ஒரே ஓகாரக் கொம்பு-கால் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எண்கள் வேறு. 'ஸ்ரீ'க்கும் இதே மாதிரி இரண்டு வழி இருக்கிறது. 'கௌ' என்பதற்குக் கொம்போடு 'ள' எழுத்தையே சேர்த்துத் தட்டியவர்கள் ஏராளம். கண்ணெதிரே சொல் இருக்கிறது, தேடல் இல்லை என்கிறது என்றால், அந்தச் சொல்லை அழித்துவிட்டு உங்கள் கீபோர்டிலேயே ஒரு முறை தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

இரவுப்பறவை:

@எழுத்தாணி, 'ஒகரக்' என்று திருத்துங்கள், 'கொ' குறில் :) மற்றபடி அந்த மர வடிவத்தை எடுத்துத் தனியாகச் சேமித்துக்கொண்டேன், பிரமாதம்.

எழுத்தாணி:

ஆமாம், ஒகரம்தான். கை முந்திக்கொண்டது.

தூறல்:

பெயர்களைச் சுருக்கியதும் எல்லாம் ஃபோனுக்கு வந்துவிட்டன. தேடலும் பிடிபட்டது. கடைசியாக ஒன்று: பழைய சேவையிலிருந்து மொத்தத்தையும் இங்கே கொண்டுவர வேண்டும், கையால் வெட்டி ஒட்டுவது நடக்காத காரியம். குறிச்சொற்களும் படங்களும்கூட வருமா?

பழையஃபோல்டர்:

வரும். அப்சிடியன்காரர்களே 'இம்போர்ட்டர்' என்று ஒரு ப்ளகின் தருகிறார்கள், வெளியார் ப்ளகின் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இது விலக்கு. எவர்நோட், நோஷன், ஒன்நோட், கூகுள் கீப், ஆப்பிள் நோட்ஸ் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கும். கீப் என்றால் கூகுள் டேக்அவுட்டில் போய் ஜிப் வாங்க வேண்டும், எவர்நோட் என்றால் அதன் ஏற்றுமதி ஃபைல், இப்படி ஒவ்வொன்றுக்கும் வழி கொஞ்சம் வேறு, ப்ளகினைத் திறந்தால் அங்கேயே கேட்கும்.

நேராக உங்கள் வால்ட்டில் கொட்டிவிட வேண்டாம். காலி ஃபோல்டர் ஒன்றைத் தற்காலிக வால்ட்டாக்கி, சிங்க் இல்லாமல், அதில் இறக்கிப் பாருங்கள். படம் உள்ள குறிப்பு ஒன்று, அட்டவணை உள்ளது ஒன்று, மிக நீளமானது ஒன்று என்று திறந்து பழையதோடு ஒப்பிடுங்கள். தலைப்பு நீளத்தையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம், எழுத்தாணி சொன்ன 84 கணக்கு இங்கேதான் கடிக்கும், ஏனென்றால் தலைப்பே வைக்காத குறிப்புகளுக்குச் சில நேரம் முதல் வரியே தலைப்பாகிவிடும். எல்லாம் திருப்தி என்றால் அந்த ஃபோல்டரை 'பழையவை' என்ற பெயரில் வால்ட்டுக்குள் நகர்த்துங்கள். ஏற்றுமதியில் வந்த ஜிப்பை அழிக்காமல் ஹார்ட்டிஸ்க்கில் போட்டுவையுங்கள், ஏதாவது விடுபட்டது பிறகு தெரிந்தால் அதிலிருந்து எடுக்கலாம். பழைய கணக்கையும் உடனே மூடாதீர்கள்.

குறிச்சொல்லில் மட்டும் இரண்டு விதி. உள்ளே இடைவெளி கூடாது, 'படிக்க வேண்டியவை' என்று வைத்திருந்தால் நடுவில் சிறுகோடு போட்டு 'படிக்க-வேண்டியவை' என்று ஆக்க வேண்டும். வெறும் எண்ணாகவும் இருக்கக் கூடாது, 2019 என்று மட்டும் இருந்தால் அப்சிடியன் அதைக் குறிச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளாது, 'ஆண்டு2019' என்பதுபோல் எழுத்து எதையாவது சேர்த்துவிடுங்கள்.